ஒரு ஸ்கூப் ஆலகாலம்

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எங்கள் மாடிவீட்டுப் பையன் ஜிம்முக்குக் கிளம்புமுன் ஷேக்கரைக் குலுக்க ஆரம்பிப்பான். கல்லூரியில் இரண்டாம் வருடம். பொடி தண்ணீரில் விழுந்ததும் வெள்ளை வேட்டிக்குப் போடும் சொட்டுநீலம் மாதிரி ஆகிவிடும். ஒரே மூச்சில் குடித்து முடிப்பான். கால் மணி நேரத்தில் கன்னம், காது, புறங்கை என்று சொறியத் தொடங்குவான்.

"என்னடா தம்பி?"

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு மாமா. அப்படின்னா ஏறிடுச்சுன்னு அர்த்தம்."

அர்த்தம் அதுவல்ல. பீட்டா அலனைன் என்ற அமினோ அமிலம் தோலுக்கடியில் இருக்கும் நரம்பு முனைகளைச் சீண்டுகிறது, அவ்வளவுதான். அது தசைக்குப் பயன்பட வேண்டுமானால் வாரக்கணக்கில் தினமும் உள்ளே போய்ச் சேர வேண்டும். இன்றைய அரிப்புக்கும் இன்று தூக்கிய எடைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் அரிக்காத பொடியை யார் வாங்குவார்கள்? காயத்தில் போட்ட மருந்து எரிந்தால்தான் கேட்கிறது என்று நம்பும் பரம்பரை நாம். வியாபாரிக்கு இது தெரியும்.

டப்பாவுக்குள் இருப்பவர்களில் உடனே வேலைக்கு வருகிறவர் ஒருவர்தான்: காபின். ஸ்கூப்புக்கு 200, 300 மில்லிகிராம். இரண்டு மூன்று டம்ளர் காபியை ஒரே மடக்கில் குடித்த கணக்கு. அதனால் வரும் படபடப்புக்கு ஜிம் பாஷையில் 'எனர்ஜி' என்று பெயர். தூக்கம் கெட்டால் 'ஃபோகஸ்'. கிரியாட்டினும் நல்ல பிள்ளைதான். நாளுக்கு 3 முதல் 5 கிராம் போதும், தனியாக வாங்கினால் மலிவு. மற்றபடி அமெரிக்க டப்பாக்களில் பாதிப் பெயர்கள் 'பிரத்தியேகக் கலவை' என்ற ஒரே போர்வைக்குள் சுருண்டு படுத்திருக்கும். மொத்த எடை போட்டிருக்கும். எது எவ்வளவு என்று கேட்டால் தொழில் ரகசியம். எங்கள் அத்தை சாம்பார்ப் பொடிக்கு மல்லி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு என்று தெருவுக்கே சொல்லுவாள். அவளுக்குத் தொழில் தெரியவில்லை.

இந்த வியாபாரத்தின் மூலஸ்தானம் அமெரிக்கா. 1993-ல் அங்கே தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் ஓடியது. துப்பாக்கியோடு அரசுப் படை நடிகர் மெல் கிப்சன் வீட்டுக்குள் புகுந்து அவரைப் பிடிக்கிறது. குற்றம்: வைட்டமின் வைத்திருந்தது. அரசாங்கம் நம் மாத்திரையைப் பிடுங்க வருகிறது என்று ஜனம் பதறியது. (நடிகர் சொன்னால் நம்புவது நமக்கு மட்டும் கிடைத்த வரம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.) மறுவருடமே சட்டம் வந்துவிட்டது. அதை முன்னின்று கொண்டுவந்தவர் செனட்டர் ஆரின் ஹேட்ச். அவருடைய யூட்டா மாநிலம் சப்ளிமென்ட் கம்பெனிகளின் தாய்வீடு. சட்டத்தின் சாரம் இது: விற்பதற்கு முன்னால் மருந்தைப் போலச் சோதித்து அனுமதி வாங்க வேண்டாம். கெடுதல் என்றால், விற்ற பிறகு அரசாங்கம் வந்து நிரூபித்துக்கொள்ளட்டும்.

அதாவது, முதலில் பிணம் விழட்டும்.

விழுந்தது. 1944-ல் மூக்கடைப்புக்காகக் காப்புரிமை வாங்கிய டி.எம்.ஏ.ஏ. என்ற மருந்து 1983-ல் சந்தையிலிருந்து விடைபெற்றிருந்தது. செத்ததற்கு மறுபடி உயிர் கொடுத்து, ஜெரேனியம் செடியின் சாறு என்று பூ வைத்துப் பொட்டு வைத்து டப்பாவில் உட்காரவைத்தார்கள். ரத்தக் குழாயை இறுக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றும் சரக்கு. உடற்பயிற்சியின்போது இறந்த இரண்டு அமெரிக்கச் சிப்பாய்களின் உடலில் இது இருந்தது. 2011 முடிவதற்குள் ராணுவ முகாம் கடைகளிலிருந்து அகற்றினார்கள். வெளியே, சாதாரண ஜனத்தின் கடையில், வியாபாரம் அமோகம். 2013-ல்தான், இதை விற்றுவந்த டல்லாஸின் யூ.எஸ்.பி. லேப்ஸ் கம்பெனி தன் கையிருப்பை அழித்தது.

வேறு யாராக இருந்தாலும் கொஞ்ச நாள் வெட்கப்பட்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர்கள் வில்வத்தைப் பிடித்தார்கள். ஆமாம், நம் சிவன் கோயில் வில்வம்தான். அதன் இலையில் ஈகிலின் என்றொரு பொருள் இருக்கிறது. அதைத் தொழிற்சாலையில் செயற்கையாகக் காய்ச்சி 'ஆக்ஸிஎலைட் புரோ' டப்பாவில் அடைத்தார்கள். அர்ச்சனைத் தட்டில் வந்த இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்ளும் பாட்டியையும் இதையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். அந்த ஆண்டு மே முதல் செப்டம்பருக்குள், ஹவாயில், திடகாத்திரமாக இருந்த ஏழு பேர் மஞ்சள் கண்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அந்த மாநிலத்தில் கல்லீரல் மாற்று செய்ய இருந்தது ஒரே மருத்துவமனை. அதனால்தான் எல்லாக் கல்லீரலும் ஒரே வாசலில் வந்து விழுந்தன, டாக்டருக்கும் பொறிதட்டியது. பெரிய நகரமாக இருந்தால் பத்து ஆஸ்பத்திரிகளுக்குப் பிரிந்து போய், குடிகாரன் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

அதிகாரிகள் கடைசியில் இந்த டப்பாவோடு சேர்த்துப் பார்த்தது 97 பேரை. ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் 47. கல்லீரல் மாற்றியவர்கள் 3. செத்தவர் ஒருவர். ஆலகாலம் குடித்த சிவனுக்குத் தொண்டையைப் பிடித்து நிறுத்தப் பார்வதி பக்கத்திலேயே இருந்தாள். இவர்களுக்கு யாரும் இல்லை, நேரே கல்லீரலுக்கு இறங்கிவிட்டது.

2015-ல் கம்பெனி மேல் குற்றப்பத்திரிகை வந்தது. சீனாவிலிருந்து வந்த செயற்கைச் சரக்குக்குச் செடிச்சாறு என்று பொய்ச் சான்றிதழ் ஒட்டிய கதை அதில் இருந்தது. பிற்பாடு குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். என்ன குற்றம்? லேபிளில் தவறான விவரம். மனிதனின் ஈரல் வெந்துபோனதற்கு நாகரிக உலகம் வைத்திருக்கும் பெயர் அது: எழுத்துப்பிழை!

இதையெல்லாம் மாடிப் பையனிடம் சொன்னேன். அவன் டப்பாவைத் திருப்பி 14 இலக்க உணவு உரிம எண்ணைக் காட்டினான். "கவர்ன்மென்ட் நம்பர் இருக்கு மாமா." எங்கள் தெரு பஜ்ஜிக் கடைச் சுவரிலும்தான் 14 இலக்க எண் தொங்குகிறது. அதைப் பார்த்து யாரும் பஜ்ஜி தின்றால் புஜம் வளரும் என்று நினைப்பதில்லை.

அடியில் எறும்புக் கால் அளவில் ஏதோ எழுதியிருந்தது. போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படித்தான். இதயக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உபயோகிக்கக் கூடாது, மருத்துவரின் ஆலோசனை பெறவும்.

"டாக்டரைக் கேட்டியா?"

"ஜிம் மாஸ்டரைக் கேட்டேன் மாமா."

"அவர் யாரைக் கேட்டார்?"

"அவர் ஏன் கேக்கணும்? டப்பா விக்கிறதே அவர்தான்" என்று சொல்லிவிட்டுக் காதைச் சொறிந்தான்.