பகுதி நேர ஸ்காலர்

தனியார் பொறியியல் கல்லூரி. ஸ்டாஃப் ரூமில் மூலை மேஜை. திருத்தாத இன்டர்னல் விடைத்தாள் கட்டு மூன்று; அதன்மேல் லேப்டாப். அதற்குப் பின்னால் மின்னுகிற வழுக்கைதான் நம் ஸ்காலர். பகுதி நேரம் என்பது பிஎச்.டி.க்கு மட்டும், கவலை முழு நேரம்.

"என்ன ஏரியா சார்?" என்று கேட்டுவிடாதீர்கள். வருஷத்துக்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். முதலில் ஒயர்லெஸ் சென்சார் நெட்வொர்க். சென்சாரின் பேட்டரி ஆயுளை நீட்டப் படாத பாடு பட்டார். ஒரு சென்சாரைக்கூடக் கையால் தொட்டதில்லை, எல்லாம் சிமுலேட்டரில். அப்புறம் கிளவுட், ஐஓடி. இப்போது டீப் லேர்னிங். எது மாறினாலும் மிருகங்கள் மாறாது.

சிரிக்காதீர்கள். எறும்புகள் இரைக்கு வழி பிடிக்கிற வித்தையைக் கணக்கு வழிமுறையாக்கி, 1992-இல் இத்தாலியில் முனைவர் பட்டம் வாங்கினார் மார்க்கோ டோரிகோ. அதே பாணியில் 1995-இல் பறவைக் கூட்டம் வழிமுறையாக வந்தது. 2009-இல் குயில், 2010-இல் வௌவால், 2014-இல் சாம்பல் ஓநாய், 2016-இல் திமிங்கிலம். நம்மவர் ஓநாய்க்கும் திமிங்கிலத்துக்கும் முடிச்சுப் போட்டு 'ஹைப்ரிட்' என்றார். ஜோடி எங்கே குடித்தனம் நடத்தும், கரையிலா கடலிலா என்று ரிவியூவர் கேட்கவில்லை. இங்கிலீஷைத் திருத்தச் சொன்னார்.

கட்டுரையில் ஒரு படம் உண்டு. ஆறு பட்டைகள். ஐந்து மற்றவர்களுடையவை, குட்டை. ஓரத்தில் நெட்டையாக நிற்பது 'புரபோஸ்டு மெத்தட்'. துல்லியம் 98.7 சதவீதம். 90 என்றால் ஜர்னல் மதிக்காது. 100 என்றால் கைடே நம்பமாட்டார்.

டாக்டோரல் கமிட்டி கூடும் நாளில் மேஜையில் கேசரியும் மெதுவடையும் தயார்.

"இதுல நாவல்ட்டி என்ன?" என்றார் ஒரு உறுப்பினர்.

"கேசரி இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா சார்?"

ஒருவழியாக வைவா முடிந்து, பெயர்ப்பலகையில் 'முனைவர்' ஏறியது. இப்போது அவரே கைடு. முதல் மாணவி வந்து டாபிக் கேட்டாள்.

"ஓநாய், திமிங்கிலம் எல்லாம் போச்சும்மா. யாரும் தொடாத மிருகமா ஒண்ணு பாரு."

டோரிகோ எறும்பிடமிருந்து யோசனையை எடுத்துக்கொண்டார். நம்மவர் மிருகங்களிடமிருந்து பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார். எறும்புகளோ இரண்டையும் கண்டுகொள்ளாமல், மீந்த கேசரித் தட்டுக்கு மிகக் குறுகிய வழியில் போய்க்கொண்டிருக்கின்றன.