ஊக்கின் ஆட்சியில் எளிய தையல்: ஒரு முன்னாய்வு

எளிய தையல் எது? தையல் ஆசிரியையைக் கேட்டால் ஓட்டுத் தையல் என்பார். தெருமுனைத் தையற்காரரைக் கேட்டால், "குடுத்துட்டுப் போங்க, புதன்கிழமை வாங்க" என்பார். எந்தப் புதன் என்பது அவருடைய தொழில் ரகசியம். ஆகவே இவ்வாய்வு தனக்கென்று ஒரு வரையறையை வகுத்துக்கொள்கிறது: கிழிந்த இடத்தில் ஓர் ஊக்கைத் தேடிக் குத்துவதற்கு ஆகும் நேரத்துக்குள் முடிந்துவிடும் தையலே எளிய தையல்.

இவ்வரையறையின்படி நம் வீடுகளில் எளிய தையல் என்று ஒன்று கிடையாது. இதுவே முதல் கண்டுபிடிப்பு. ஏனெனில் ஊக்கை யாரும் தேடுவதில்லை. அம்மாவின் தாலிச் சரட்டில் ஒன்றிரண்டும் வளையலில் ஒன்றும் எந்நேரமும் பணியில் இருக்கின்றன. ஊசியோ பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது. டப்பா பீரோவுக்கு மேல் இருக்கிறது. மூடி துருவேறி இறுகியிருக்கிறது. மல்லுக்கட்டித் திறந்தால் உள்ளே கறுப்பு நூல்கண்டு மட்டும் கிடக்கும். கிழிந்திருப்பது வெள்ளைச் சட்டை.

ஊக்கு வென்றதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. அமெரிக்கரான வால்ட்டர் ஹன்ட் 1849இல் ஊக்குக்குக் காப்புரிமை பெற்று, அதை 400 டாலருக்கு விற்றார். இதே ஹன்ட்தான் 1830களிலேயே பூட்டுத் தையல் போடும் இயந்திரம் ஒன்றைச் செய்துவிட்டு, காப்புரிமை கேட்காமல் இருந்தவர். அத்தகைய இயந்திரத்துக்கு 1846இல் காப்புரிமை வாங்கியவர் எலியாஸ் ஹோவ். தைக்கும் கருவியும் தைப்பதைத் தள்ளிப்போடும் கருவியும் ஒரே மூளையில் உதித்திருக்க, அந்த மனிதர் எதற்கு உரிமை வாங்கினார் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

இயந்திரங்களை ஐயத்தோடு பார்த்த காந்தி, சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்களித்தார். மனைவி கையால் தைத்துத் தைத்து அலுத்துப்போவதைப் பார்த்த சிங்கர், அன்பினால் அதை உருவாக்கினார் என்பது காந்தி சொன்ன காரணம். ஐசக் சிங்கரின் இல்லற வரலாற்றைப் படித்தவர்கள் எந்த வீட்டு மனைவி என்று கேட்கக்கூடும். அது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே.

காந்தி 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலை வகுப்பறையின் நடுவே கொண்டுவந்து வைத்தது. காலப்போக்கில் அது பல பள்ளிகளில் வாரத்துக்கு ஒரு பீரியடாகச் சுருங்கி, பெண்களுக்குத் தையல், ஆண்களுக்கு மைதானம் என்று பாகப்பிரிவினையும் ஆயிற்று. அந்தப் பீரியடின் தலையாய விளைபொருள் தையல் நோட்டு. காடாத் துணியை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, ஓட்டுத் தையல், பின் தையல், ஹெம்மிங், சங்கிலித் தையல் என்று பக்கத்துக்கு ஒன்றாக ஒட்ட வேண்டும். ஒரு பக்கத்தில் காஜா, இன்னொரு பக்கத்தில் பட்டன். இரண்டும் ஆயுள் முழுக்கச் சந்திப்பதில்லை. கடைசிப் பக்கத்தில் ஜபலா. உலகில் எந்தக் குழந்தைக்கும் பொருந்தாத அளவில் தைக்கப்படும் ஒரே ஆடை அதுதான். அதைத் தைப்பவர் பெரும்பாலும் மாணவியின் பாட்டி. பாட்டியின் ஹெம்மிங்கில் சிவப்பு மையால் 'இன்னும் நெருக்கமாக' என்று எழுதிய ஆசிரியைகள் உண்டு. அதைப் பேத்தி வீட்டில் வாசித்துக் காட்டியபின் நிலவும் மௌனம் தனி ஆய்வுக்குரியது.

நோட்டில் பட்டன் தைத்தவர்கள் சட்டையில் தைப்பதில்லை என்பது அடுத்த சிக்கல். முறை எளிது. நூலை ஒரு கை நீளத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. எடுத்தால் சிக்கு விழும். இரட்டை நூலாக்கி முடிச்சிட்டு, பட்டனுக்கு மேலே ஒரு தீக்குச்சியை வைத்து, அதையும் சேர்த்துத் தைக்க வேண்டும். பிறகு குச்சியை உருவி, தொய்ந்த நூலைப் பட்டனுக்கு அடியில் நான்கு சுற்றுச் சுற்றி முடியலாம். அந்தக் கழுத்து இருந்தால்தான் காஜாப் பட்டி மடிப்பில்லாமல் உட்கார இடம் கிடைக்கும். ஆனால் பட்டன் அறுவது அப்பா பஸ்ஸுக்குக் கிளம்பும் வேளையில்தான். உடுத்தியிருக்கும் துணியைத் தைக்கக் கூடாது என்பது மரபு. சட்டையைக் கழற்ற மாட்டேன் என்பது அப்பா. மாலையில் தைக்கலாம் என்றால், விளக்கு வைத்த பிறகு ஊசி கொடுக்கக் கூடாது. அகல் வெளிச்சத்தில் தவறிய ஊசி மறுநாள் யார் காலிலாவது ஏறும் என்ற முன்னெச்சரிக்கை இதன் வேராக இருக்கலாம். டியூப்லைட் வந்தபின்னும் விதி தளரவில்லை. இப்போது அது சோம்பலுக்குச் சட்டப் பாதுகாப்பு. வளையலிலிருந்து ஊக்கு கழல்கிறது. அப்பா அலுவலகம் போகிறார்.

ஊக்கு தோற்கும் களங்களும் உண்டு. முதலாவது தலையணை உறை, கன்னத்தில் குத்தும். இங்கே பழைய புடவை கைகொடுக்கும். தலையணை நீளத்தைப் போல் இரு மடங்கோடு ஒரு சாண் கூட்டி, அகலத்துக்குத் தையல் விட்டு வெட்டி, இரு முனைகளிலும் ஓரம் அடிக்க வேண்டும். நல்ல பக்கம் உள்ளே இருக்க, முனைகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி மடித்து, இரு பக்கமும் தைத்துத் திருப்பினால் உறை தயார். ஜிப் வேண்டாம், பட்டன் வேண்டாம், நாடா வேண்டாம்.

இரண்டாவது, பள்ளிச் சீருடை. 'வளர்ற பிள்ளை' என்ற ஒரே அளவுகோலில் தைக்கப்படும் பாவாடையின் அடியில் நான்கு விரல் துணி உள்மடிப்பாகக் காத்திருக்கும். பிரிப்பதற்கென்றே போடப்படும் தையல் இது. ஜூன் மாதந்தோறும் ஒரு மடிப்பு இறங்க, வெயிலும் சோப்பும் படாத துணி அடர் நீலத்தில் ஒரு பட்டையாக வெளியே வரும். மரத்தின் வளையத்தை எண்ணுவதுபோல அப்பட்டைகளை எண்ணி, இது எத்தனையாவது வருடத்துப் பாவாடை என்றும், அக்காவுடையதா தங்கையுடையதா என்றும் சொல்லிவிடலாம். தங்கைகள் இந்த ஆராய்ச்சியை விரும்புவதில்லை.

மூன்றாவது, பை. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. இரண்டுக்கும் முன்பே நம் வீடுகள் கண்டறிந்திருந்த உண்மை: பேண்ட்டின் கால் என்பது முக்கால்வாசி தைத்து முடித்த பை. இரு பக்கத் தையலும் ஓர் ஓரமும் டெய்லரே போட்டுக் கொடுத்தவை. முழங்காலுக்குக் கீழே வெட்டி, உட்புறம் திருப்பி, வெட்டிய பக்கத்தைப் பின் தையலால் இரண்டு வரிசை மூடினால் போதும்; பழைய ஓரமே பையின் வாய். இடுப்புப் பட்டியை அறுத்தால் கைப்பிடி. இதில் ஊக்குக்கு வேலையே இல்லை. இரண்டு கிலோ உருளைக்கிழங்கைத் தாங்கும் ஊக்கு இன்னும் பிறக்கவில்லை.

ஒரு பேண்ட்டுக்கு இரண்டு பை. எஞ்சும் நடுப்பகுதியை என்ன செய்வது என்பதில் மட்டும் முடிவு எட்டப்படவில்லை. ஜிப் நன்றாக இருக்கிறது என்ற காரணத்தால் எந்த வீட்டிலும் அதை எறிவதில்லை. அந்த ஜிப்பைப் பிரித்து வேறொன்றில் தைத்தவர் எவரையும் இந்த ஆய்வாளர் இதுவரை சந்திக்கவில்லை.