மீட்டர் மாமா

அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் பிறக்கும் என்கிறது பஞ்சாங்கம். எங்கள் குடியிருப்பில் அது பங்குனியிலேயே பிறந்துவிடும், மூன்றாம் மாடி மாமா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு புறப்படும் அன்று. சென்னையில் அடுக்குமாடிக்கு ஒருவராவது இப்படி இருப்பார்: பணி ஓய்வு, பனியன், வேட்டி, தோளில் துண்டு, அந்தத் துண்டிலேயே அடுத்தவர் வீட்டு மின்விசிறியின் இறக்கைத் தூசு.

முதல் பலி ஏ.சி. ஃபில்டர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழற்றி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பார். கம்பளி மாதிரி உரிந்து வரும் தூசியை உடனே கொட்டமாட்டார். என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். “இவ்வளவையும் மூக்குல அடைச்சுக்கிட்டு உங்களால மூச்சு விட முடியுமா தம்பி?”

வாட்டர் சர்வீஸுக்கு வந்த பையன் வழக்கமான பல்லவியைப் பாடினான்: “கேஸ் கொறஞ்சிருக்கு சார்.” மாமா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். “கேஸ் என்ன பெட்ரோலாப்பா, ஓட ஓடத் தீர? லீக் இருந்தாத்தானே கொறையும்? லீக் எங்கன்னு காட்டு, பணம் தரேன்.” பையன் காட்டவில்லை. அடுத்த வருஷம் வேறு பையன் வந்தான்.

ஃப்ரிட்ஜ் கதவில் பத்து ரூபாய் நோட்டைச் சொருகி இழுத்துப் பார்ப்பார். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். கதவிடுக்கில் குளிர் கசிகிறதா என்று அறிய ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு வாசல் நிலையோரம் மெல்ல நகர்வார். ஒருமுறை கூரியர் கொண்டுவந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

மொட்டை மாடிக்கு வெள்ளையடிக்கவும் அவர்தான் சங்கத்தைச் சம்மதிக்க வைத்தார். சுண்ணாம்பில் பசை கலந்து இரண்டு பூச்சு. வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், கீழே சூடு இறங்காது என்று எல்லாருக்கும் பொதுவாக விளக்கினார். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருப்பது அவர் வீடுதான் என்பதை மட்டும் யாருக்கும் விளக்கவில்லை.

ஆனால் அவருடைய உண்மையான சந்நிதி கீழே, மாடிப்படிக்கு அடியில். காலையும் மாலையும் மீட்டர் முன்னால் நின்று சிவப்பு விளக்கு சிமிட்டுவதை எண்ணுவார். “3200 தடவை சிமிட்டினா ஒரு யூனிட், தம்பி.” இரண்டு மாதக் கணக்கில் 100 யூனிட் இலவசம். 500ஐத் தாண்டினாலோ, தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101லிருந்து 200 வரை சலுகையில் வந்ததற்கும் விலை ஏறிவிடும். அந்த 501வது யூனிட்டைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் தணியும், ஊரில் பேய் இருக்கிற புளியமரத்தைப் பற்றிப் பேசுவதுபோல.

அதனால் அவர் வீட்டு ஏ.சி. 24க்குக் கீழே இறங்கியதே இல்லை. ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் ஆறு சதவீதம் மிச்சம் என்று யாரிடமும் சொல்வார். ரிமோட் வேட்டி மடிப்பில் இருக்கும். மாமி கேட்டால் எடுப்பார், பார்ப்பார், மறுபடி செருகிக்கொள்வார். மாமிக்கு அதிலேயே பாதிப் புழுக்கம் போய்விடும், கோபத்தில்.

இந்த மே மாதக் கணக்கு 480க்குள் முடிய வேண்டியது. ரீடிங் எடுக்க மூன்று நாள் இருக்கையில் மகளும் இரண்டு பேரன்களும் வந்து இறங்கினார்கள். ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நின்று ஐஸ்கிரீம் தின்றார்கள். கூடத்து ஏ.சி.யை ஓடவிட்டு வாசலில் கிரிக்கெட் ஆடினார்கள். மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை. படியிறங்கிப் போய் மீட்டரைப் பார்த்துவிட்டுப் படியேறி வந்தார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.

503.

ரீடிங் எடுத்தவருக்கு வழக்கம்போல மோர் கொடுத்தார். டம்ளரை நீட்டிய கை லேசாக நடுங்கியது.

அன்று இரவு அவர் வீட்டு ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் வேர்த்திருந்தது. ஏதோ விபரீதம் என்று ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே 18 டிகிரி. மாமி சால்வை போர்த்தியிருந்தார். பேரன்கள் நடுவே கால் நீட்டிப் படுத்திருந்த மாமா என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

“இன்னிக்குக் கணக்கு புதுசா ஆரம்பிக்குது தம்பி. மொதல் நூறு இலவசம். கதவைச் சாத்திட்டு உள்ள வாங்க, குளிர் வெளிய போகுது.”