சிஸ்டம் சார்

பிரிட்ஜ் ஆடுகிற கிளப் எதுவானாலும் அங்கே ஒரு சிஸ்டம் சார் இருப்பார். சென்னையில் கொஞ்சம் தாராளமாகவே இருக்கிறார். பாங்கிலோ ரயில்வேயிலோ பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கக்கத்தில் ஸ்பைரல் நோட்டு, பையில் மூன்று நிறத்தில் பேனா. மற்றவர்கள் சீட்டாட வருவார்கள். இவர் ஒப்பந்தம் போட வருவார்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: எதிரெதிரே உட்காருகிற இருவர் ஒரு ஜோடி. ஆட்டத்துக்கு முன்னால் ஏலம். கையில் என்ன இருக்கிறதென்று ஜோடிக்குச் சொல்ல ஏலத்தை விட்டால் வேறு வழியில்லை. கண்ணடிக்கக் கூடாது, அர்த்தத்தோடு இருமக் கூடாது. ஸ்பேடும் ஹார்ட்டும் மேஜர், முதல் ஆறுக்கு மேல் எடுக்கிற ட்ரிக்குக்கு 30 பாயிண்ட். கேமுக்கு 100 வேண்டும் என்பதால் நாலு ஸ்பேடோ நாலு ஹார்ட்டோ கேட்டு, பத்து ட்ரிக் எடுத்தால் போதும். ஆகவே ஜோடி ‘ஒரு ஸ்பேட்’ என்று ஆரம்பித்து, உங்களிடமும் ஸ்பேட் இருந்தால் அதை உடனே சொல்லிவிடுவது நல்லது. சாதாரண மனிதர்கள் கை சுமாராக இருந்தால் ரெண்டு, கொஞ்சம் கனமாக இருந்தால் மூணு, கேம் ஆடலாமென்றால் நாலு என்று சொல்லிவிட்டு காபிக்கு ஆர்டர் கொடுப்பார்கள்.

சிஸ்டம் சாரின் நோட்டில் ‘எனக்கும் இருக்கு’ என்ற இந்த ஒரு வாக்கியத்துக்கே (கிளப் மொழியில் ‘ரெய்ஸ்’) பன்னிரண்டு பக்கம்.

நாலு துருப்போடு பலமான கையென்றால் ரெண்டு நோ-ட்ரம்ப். இது ஆஸ்வால்ட் ஜேகோபியின் உபயம். துருப்பு நிறைய, வேறொரு ஜாதியில் ஒரே சீட்டு அல்லது அதுவும் இல்லை என்றால் அந்த ஜாதியிலேயே இரட்டைத் தாவல். பெயர் ஸ்ப்ளின்டர், டோரதி ட்ரஸ்காட் கொடுத்தது. இல்லாத சீட்டின் பெயரைச் சத்தமாகச் சொல்வதில் சாருக்குத் தனி ஆனந்தம். மார்ட்டி பெர்கன் முறையில் மூணு கிளாவர் என்றால் கிளாவர் அல்ல: நாலு துருப்பு, கையின் பலம் ஏழிலிருந்து பத்து பாயிண்ட். மூணு டைமண்ட் என்றால் அதற்கும் ஒரு படி மேல். பிறகு இவை இரண்டையும் இடம் மாற்றி ‘ரிவர்ஸ் பெர்கன்’ என்று ஒன்று. பிரிட்ஜில் ஒருவர் ஒன்றைக் கண்டுபிடித்தால் இன்னொருவர் அதைத் தலைகீழாகத் திருப்பாமல் விடுவதில்லை.

சார் பெர்கனை மட்டும் சொல்லி நிறுத்த மாட்டார். அதன் பின்னாலுள்ள தத்துவத்தையும் சொல்வார். 1969-ல் ஜான் ரெனே வெர்ன் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய விதி: இரு பக்கமும் உள்ள துருப்புகளின் கூட்டுத்தொகையும், இரு பக்கமும் எடுக்கக்கூடிய ட்ரிக்குகளின் கூட்டுத்தொகையும் ஏறக்குறைய ஒன்று. பெர்கனோடு ஜோடி சேர்ந்து ஆடிய லாரி கோஹன் 1992-ல் இதைப் புத்தகமாகவே போட்டார். இவ்வளவையும் சார் லிஃப்டில் சொல்லி முடிப்பார். கிளப் இருப்பது முதல் மாடியில்.

இவருடைய ஜோடியாக வாய்ப்பவர் பெரும்பாலும் ஓர் ஐ.டி. இளைஞர். பெயர் வேண்டாம், பாவம். ஒருநாள் தம்பி ‘ஒரு ஹார்ட்’ என்றான். சார் கண்கள் மின்ன மூணு கிளாவர் அட்டையை எடுத்து வைத்தார். இதற்குத் தனி அர்த்தம் உண்டு என்று எதிரணியை எச்சரிக்க, விதிப்படி தம்பி ‘அலர்ட்’ சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எதிரணி அம்மாள் சந்தேகப்பட்டு, “மூணு கிளாவர்னா என்னப்பா?” என்று கேட்டார்.

“கிளாவர் நிறைய இருக்குன்னு அர்த்தம், மேடம்.”

இங்கேதான் இந்த ஆட்டத்தின் குரூரம் இருக்கிறது. ஜோடி தப்பாக விளக்கினாலும் ஏலம் முடிகிறவரை நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, முகத்திலும் ஒன்றும் தெரியக் கூடாது. சார் விதிகளை மதிப்பவர். கற்சிலையாக உட்கார்ந்திருந்தார், காது மட்டும் சிவந்தது. தம்பி பாஸ். எல்லோரும் பாஸ். கிளாவரை முதலில் சொன்னவர் சார் என்பதால் ஆட வேண்டியவரும் அவரே. டைரக்டரைக் கூப்பிட்டு, “என்னிடம் நாலு ஹார்ட் இருக்கிறது, கிளாவர் ரெண்டுதான்” என்று வாக்குமூலம் கொடுத்தார். எதிரில் விரித்த கையில் கிளாவர் மூணு. ஒன்பது ட்ரிக் எடுக்க வேண்டிய இடத்தில் நாலு வந்தது. 500 பாயிண்ட் போயிற்று. மற்ற மேஜைகளில் அதே சீட்டுக்கு நாலு ஹார்ட் ஆடி 620 வாங்கியிருந்தார்கள்.

“நேத்து ராத்திரி வாட்ஸ்ஆப்ல அனுப்பினேனே! நீல டிக் விழுந்துதே!”

“பெர்கனை எடுத்துடலாம்னு போன வாரம் நீங்கதானே சார் சொன்னீங்க?”

“எடுத்துட்டு ரிவர்ஸ் பெர்கன்னு சொன்னேன். ரெண்டாவது மெசேஜ்!”

கோபம் தணிந்ததும் ட்ரூரி கதைக்கு வருவார். எரிக் மர்ரே என்ற கனடாக்காரர் மூன்றாவது இடத்தில் உட்கார்ந்தால் கையில் ஒன்றுமில்லாமலே ஏலத்தைத் தொடங்குவாராம். அவரை நம்பி மேலே ஏறி அடிபட்ட ஜோடி டக்ளஸ் ட்ரூரி, ‘உன் கை நிஜமா, புளுகா?’ என்று கேட்கவே ரெண்டு கிளாவரை ஒதுக்கினார். என்னைக் கேட்டால், நோட்டு முழுவதிலும் மனித சுபாவத்தை அறிந்து எழுதிய ஒரே வரி இதுதான்.

வீட்டில் சார் வேறு ஆள். பத்து பாயிண்டுக்கும் அதற்கு ஒரு படி மேலானதற்கும் தனித்தனி ஏலம் வைத்திருப்பவர், “காய் வாங்கியாச்சா?”, “கல்யாணத்துக்குப் போறோமா?”, “டாக்டர் என்ன சொன்னார்?” என்ற மூன்றுக்கும் ‘ம்’ என்பார். அதன் பொருளை மாமி முகத்தைப் பார்த்தே பிரித்துக்கொள்வார். கிளப்பில் இது சட்டவிரோதம். முன்பெல்லாம் மாமி “சீட்டாடப் போறார்” என்றுதான் சொல்வார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் ஜோடி தங்கம் வாங்கியதிலிருந்து “பிராக்டிஸ்” என்கிறார். தங்கம் வாங்கியபோது பர்தனுக்கு வயது 60 என்று சார்தான் வீட்டில் அறிவித்தார்; தனக்கும் காலம் இருக்கிறது என்ற குறிப்போடு.

இத்தனைக்கும் நல்ல மனிதர். காபிக்கு அவரே பணம் கொடுப்பார், ஸ்கோரில் ஒரு பாயிண்ட் கூடக் கூட்டிச் சொல்ல மாட்டார். குறை ஒன்றுதான். எல்லோரும் மூன்று ஏலத்தில் போய்ச் சேர்ந்த நாலு ஸ்பேடுக்கு எட்டு ஏலத்தில் வந்து சேர்ந்து, எதிரியிடம் இருக்கும் ஒவ்வொரு சீட்டையும் ஊகித்துவிட்டு, வெளியே எத்தனை துருப்பு பாக்கி என்று எண்ண மறந்து, ஒரு ட்ரிக்கில் தோற்பார். அது நோட்டில் இல்லாத பாடம்.

ஐ.டி. தம்பிக்கு இப்போது பெங்களூருக்கு மாற்றலாகிவிட்டது. அவனே கேட்டு வாங்கியது என்று பேச்சு. சார் புது ஜோடி தேடிக்கொண்டிருக்கிறார். உங்கள் பக்கம் வந்து “மேஜர் ரெய்ஸுக்கு நீங்க என்ன ஆடறீங்க?” என்று கனிவாகக் கேட்டால், எனக்கு ரம்மிதான் தெரியும் என்று சொல்லிவிடுங்கள்.