தெப்பக்குளத்துக்கு நாலு சாயப்பட்டறை

தி.நகர் நட்சத்திர ஓட்டல்களில் ஏ.சி. அரங்கு பிடித்து, சுற்றுச்சூழல் விதிகள் உற்பத்தித் திறனின் கழுத்தை நெரிப்பதாகப் புலம்பும் பெரியோர்களே, உங்களுக்காக ஒரு யோசனை. விதியே இல்லாத சிறப்பு மண்டலத்தை உங்கள் வாசலிலேயே அமைத்துவிடலாம். மயிலாப்பூர் தெப்பக்குளத்தங்கரையில் நாலு சாயப்பட்டறை. போட் கிளப் சாலையில் குரோமியக் கசடு கொட்ட ஒரு தொட்டி. அடையாற்றுக்குப் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம், அது எப்போதோ தயாராகிவிட்டது. சுத்திகரிப்புச் செலவு மிச்சம், திறன் எகிறும்.

ஏன் முகம் சுளிக்கிறீர்கள்? திருப்பூரில் நடந்தது இதுதானே. ரங்கநாதன் தெருவில் குவித்துப்போட்டுக் கூவி விற்ற பனியனுக்குத் தள்ளுபடி கொடுத்தது கடைக்காரர் மட்டுமல்ல, நொய்யல் ஆறும்தான். 1992இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாகிப்போனது. அணையில் தண்ணீரைத் தேக்காதே என்று விவசாயியே கெஞ்சிய கூத்து வேறெந்த ஊரில் உண்டு? கிணறு கெட்டது, காடு கரை உப்பாயிற்று. அந்த நஷ்டம் எந்தப் பட்டறையின் பேரேட்டிலும் ஏறவில்லை. நூல், கூலி, மின்சாரம், இயந்திரம் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. ஆறு மட்டும் ஓசி. ஆற்றுக்கும் காசு வை என்றதும் திறன் விழுந்துவிட்டதாம். கொக்கி போட்டுக் கரண்டு திருடியவன், மீட்டர் மாட்டியதும் வியாபாரம் படுத்துவிட்டது என்பானே, அந்தக் கதை.

ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2006இல். கெடு வந்தது, போனது. 2011 ஜனவரி 28 அன்று எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது. திருப்பூர் செத்தது என்று ஒப்பாரி எழுந்தது. சின்னப் பட்டறைக்காரர்கள் நொடித்தது உண்மை. அவர்களை முன்னால் நிறுத்திப் பெரிய முதலாளிகள் அழுதார்கள் என்பதும் உண்மை. அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. இன்று கழிவுநீரை வடிகட்டி, மிஞ்சியதைக் கொதிக்கவைத்து, தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பச் சாயத்துக்கே விடுகிறார்கள். செத்த ஊரின் ஏற்றுமதி ஆண்டுக்கு 30 ஆயிரம் கோடியைத் தாண்டிவிட்டது. ரூபாயின் மதிப்பு சரிந்ததைக் கழித்துப் பார்த்தாலும் பிணம் நன்றாகவே நடமாடுகிறது. போதாததற்கு, கோர்ட் பிடரியில் அடித்துச் செய்யவைத்ததை வெளிநாட்டு பையர்களிடம் தங்கள் பசுமைச் சாதனையாகக் காட்டிக்கொள்கிறார்கள்!

அமெரிக்காவின் காற்று மாசுச் சட்டத்தால் அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பகுதிகளில் மாசு கக்கும் ஆலைகளின் திறன் 4.8 சதவீதம் குறைந்தது என்று ஓர் ஆய்வு உண்டு. குறையட்டும். சட்டத்தால் பிழைத்த நுரையீரலை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பாலாற்றைத் தோல் கழிவால் நாசமாக்கியதற்கு 1996இல் உச்ச நீதிமன்றம் விதித்த அபராதம், ஆலைக்குப் பத்தாயிரம் ரூபாய். தி.நகரில் நல்ல பட்டுப்புடவை ஒன்றுக்குப் போதாத காசு. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. நடுவில், 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் அந்தக் கசடில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

அடுத்த கருத்தரங்கில் ‘ஆளொன்றுக்கு உற்பத்தி’ என்று திரையில் ஒரு கோடு ஏறும்போது, அந்தப் பத்துப் பேரைச் சேர்த்து வகுத்தீர்களா, கழித்து வகுத்தீர்களா என்று யாராவது கேளுங்கள். கழித்தால் விடை இன்னும் பெரிதாக வரும்.