காசு கொடுத்து நின்ற கதை

கொலோன், ஜெர்மனி

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

உங்கள் பேரன் நச்சரித்து நச்சரித்து என்னை கேம்ஸ்காமுக்கு இழுத்துப் போய்விட்டான். கம்ப்யூட்டர் விளையாட்டுப் பித்தர்கள் ஆகஸ்டில் கூடுகிற ஐந்து நாள் திருவிழா. 2009-லிருந்து இந்த ஊரில்தான் நடக்கிறது. 2024-ல் 3,35,000 பேர் வந்தார்களாம். அதில் பாதிப் பேர் எனக்கு முன்னால் நின்ற மாதிரி இருந்தது.

உள்ளே அடையாள அட்டையைக் காட்டினால் கையில் வயதுப்பட்டை கட்டுகிறார்கள். 12 வயதுக்குப் பச்சை, 18 தாண்டினால் சிவப்பு. வெட்டு, குத்து விளையாட்டுகளைச் சுற்றிலும் சுவர் வைத்து மறைத்து, சிவப்புப் பட்டைக்காரர்களை மட்டும் விடுகிறார்கள். பார்க்கத் துடிக்கிற பயலுக்கு அனுமதியில்லை. அனுமதியுள்ள எனக்கோ ஊசி போட்டாலே மயக்கம் வரும்.

விளையாட்டு என்பது சும்மா பேருக்கு. இன்னும் கடைக்கு வராத ஒன்றைக் கால்மணி நேரம் ஆடிப் பார்க்க மூன்று மணி நேரம் நின்றோம். ஒருத்தர் நடுவில் புகவில்லை, ஒரு "யோவ்" கேட்கவில்லை. கம்பெனிக்காரர்கள் இலவசமாக அட்டை ஸ்டூல் தருகிறார்கள். தட்டையாக இருப்பதை மடிப்புப்படி மடக்கினால் ஆசனம்; என்னைத் தாங்கிற்று, நீங்கள் அனுப்பிய அல்வாவையும் சேர்த்து. வரிசை நகர்ந்தால் அத்தனை பேரும் எழுந்து, ஸ்டூலைத் தூக்கி, இரண்டடி தள்ளி வைத்து மறுபடி உட்காருகிறார்கள். சாயங்காலம் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டாய்ட்ஸ் ஸ்டேஷனில் ரயிலேறுகிறார்கள்!

விளையாட்டுப் பாத்திரங்களாக வேஷம் கட்டி வந்தவர்களும் ஏராளம். ஆளுயர வாளோடு வந்தவனை நிறுத்தி, காவலர் அதை முறைப்படி வளைத்துப் பார்த்து, வெறும் ஸ்பாஞ்சுதான் என்று உறுதியான பிறகே விட்டார். ஊர்க்காரர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கார்னிவல் வந்தால் பேங்க் மேனேஜரே கோமாளி வேஷம் கட்டுகிற ஊர் இது.

ஒரு மூலையில் ஒரே கூச்சல். ஒல்லிப் பையன் ஒருத்தன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான், பெண்பிள்ளைகள் அழுதார்கள்.

"எந்தப் படத்துலடா நடிச்சிருக்காரு?"

"நடிக்கலப்பா. அவர் வீட்ல உக்காந்து கேம் ஆடுவார். நாங்க பார்ப்போம்."

"நீங்க ஆட மாட்டீங்களா?"

பயல் என்னைவிட்டு நாலடி தள்ளி நின்றுகொண்டான்.

சிரிக்காதீர்கள் பெரியப்பா. எம்.ஜி.ஆர். மன்றத்தில் இருந்தபோது கட்அவுட்டுக்கு மாலை போட ஏணியேறி, மாலையோடு கீழே வந்தவர் நீங்கள் என்று ஆச்சி சொல்லியிருக்கிறாள்.

அடுத்த வருஷம் இவனும் வேஷம் கட்டப் போகிறானாம். இங்கே தையல் கூலி கேட்டால் தலை சுற்றுகிறது. நம்ம தெரு டெய்லர் அண்ணாச்சியிடம் ஒரு பச்சை மேலங்கி தைக்கச் சொல்லுங்கள். மார்பு 30 அங்குலம், உயரம் முழங்கால் வரை. வளருகிற பிள்ளை, இரண்டு அங்குலம் உள்மடிப்பு விடச் சொல்லவும். எதற்கு என்று கேட்டால் பள்ளிக்கூட நாடகத்துக்கு என்று சொல்லிவிடுங்கள்.

தங்கள் அன்புள்ள,
சின்னவன்