அசையாதே அங்கிள்

ஆவடியில் குடியிருந்துகொண்டு அதிர்வை ஒழிக்கக் கிளம்புகிறவரை என்னவென்று சொல்வது? ஒரு பக்கம் அரக்கோணம் மார்க்கத்து மின்சார ரயில், எக்ஸ்பிரஸ், சரக்கு வண்டி. இன்னொரு பக்கம் சி.டி.எச். ரோட்டு லாரிகள். போதாததற்கு 1965-ல் விஜயந்தா டாங்கி உருண்டு வெளியே வந்த ஊர். நம்மவர் அந்த டாங்கித் தொழிற்சாலையில்தான் சர்வீஸை முடித்தவர். 58 டன் அர்ஜுன் உறுமிக்கொண்டு போனபோதெல்லாம் நிம்மதியாகத் தயிர்சாதம் சாப்பிட்டவர், இப்போது பேரன் ஹாலில் ஓடினால் ரெக்கார்டு பிளேயரின் ஊசி அசைந்துவிடுமே என்று பதறுகிறார். தெருப்பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் ‘அசையாதே அங்கிள்’.

இந்த ஜாதியை அடையாளம் காண்பது சுலபம். பாட்டுப் பிரியர் உங்களை உட்காரவைத்து “கேளுங்க” என்பார். இவர் “மேஜையைத் தொட்டுப் பாருங்க” என்பார். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் சின்ன ரசமட்டம் இருக்கும்.

அவர் கவலையிலும் நியாயம் இருக்கிறது, சும்மா சொல்லக்கூடாது. ரெக்கார்டு பிளேயரின் ஊசி, தட்டிலுள்ள பள்ளத்தில் முடியிழையைவிட நுண்ணிய நெளிவுகளைத் தடவித்தான் பாட்டைத் தருகிறது. அசைந்தது பள்ளமா, மேஜையா என்று ஊசிக்குத் தெரியாது. அது தருகிற சில மில்லிவோல்ட்டை ஆம்ப்ளிஃபயர் ஆயிரம் மடங்குக்கு மேல் பெருக்கும்போது, மாமியின் நடையும் சேர்ந்தே பெருகுகிறது. ஸ்பீக்கரின் அதிர்வு மேஜை வழியாக ஊசிக்கே திரும்பி வந்துவிட்டால் ஊளைதான்.

ஆகவே வைத்தியம் ஆரம்பம். ஸ்பீக்கருக்குக் கூர்முனைக் கால்கள் வந்தன. வெளிநாட்டில் கார்ப்பெட்டைத் துளைத்துக் கீழே தரையைப் பிடிப்பதற்காக வந்த சமாசாரம் அது. இவர் வீட்டில் கார்ப்பெட்டே கிடையாது, டைல்ஸ். டைல்ஸ் கீறாமலிருக்க ஒவ்வொரு முனைக்கும் கீழே ஓர் ஐந்து ரூபாய் நாணயம். பிறகு டென்னிஸ் பந்தை இரண்டாக அறுத்து பிளேயருக்கு அடியில் கவிழ்த்தார். ரப்பர் மேல் கனம் ஏற்றினால் அதற்கென்று ஓர் ஆட்ட வேகம் உண்டு. அதைவிட நன்றாக வேகமான அதிர்வைத்தான் அது தடுக்கும். அதே வேகத்தில் ஒன்று வந்தாலோ கூடச் சேர்ந்து ஆடும். நடையின் மெதுவான அதிர்வு பந்துகளுக்குத் தோதாக அமைந்துவிட்டது. யாராவது சமையலறைக்குப் போனால் பிளேயர் தலையாட்டி வழியனுப்பியது.

பந்தை மாற்றுவதைவிட மனிதர்களை மாற்றுவது எளிது என்று முடிவெடுத்தார். 1986-ல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ எல்.பி.யை எடுத்தாரென்றால் வீடே விரல்நுனியில் நடக்கும்.

“ஏங்க, கிரைண்டர் போடட்டுமா?”

“இந்தப் பக்கம் முடியட்டும்.”

ஒரு பக்கம் இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய. முடிந்ததும் மெதுவாகத் தட்டைத் திருப்பிப் போடுவார். அரிசி ஊறிக்கொண்டே இருக்கும். அந்த வீட்டு இட்லி பஞ்சுபோல இருப்பதற்கு ராஜா எவ்வளவு காரணம், அரிசி எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

விமோசனம் பாத்ரூம் ஒழுகலைப் பார்க்க வந்த கொத்தனார் ரூபத்தில் வந்தது. “ஆட்றது தரைதானே சார்? அப்புறம் ஏன் தரையிலயே வெக்கறீங்க? செவுத்துல மாட்டிடுங்க.” கனமான செங்கல் சுவரில் இரண்டு இரும்பு ஆங்கிள், அவற்றின் மேல் ஒரு கடப்பாக்கல். ஒரே மதியத்தில் வேலை முடிந்தது. பேரன் குதித்தான், ஊசி அசையவில்லை.

அங்கிள் ஒரு வாரம் களையிழந்து காணப்பட்டார். பிறகு இன்டர்நெட் பாட்டுப் பெட்டிக்கு அடியிலும் ஒரு கடப்பாக்கல் முளைத்தது. அதில் ஊசியும் இல்லை, சுழல்கிற தட்டும் இல்லை என்று எடுத்துச் சொன்னேன். “கரண்ட்டுக்கும் நடுக்கம் உண்டு, தம்பி” என்றார், கல்லைத் தடவியபடி.

அவர் வீட்டுக்குப் போகிறவர்கள் செல்போனை வைப்ரேஷனில் வைக்காதீர்கள். வயலின்கள் மேலேறும்போது தொடையில் தாளம் போடக் கை பரபரக்கும், கட்டிக்கொள்ளுங்கள். மாமியின் காப்பி பிரமாதமாக இருக்கும், ஆனால் டம்ளரை டபராவில் சத்தமில்லாமல் வைக்கவேண்டும்.